ஒடிந்த ஷாஃப்டும் ஓர் ஆய்வுக் கேள்வியும்

கேள்வி: வள்ளியூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி எழுதுகிறார்: “அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். பக்கத்து ஊர் நெல் அரைவை ஆலையின் ஷாஃப்ட் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை ஒரே இடத்தில் ஒடிந்து பட்டறைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்பா வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுக்கிறார். ‘ஓடி ஓடி இரும்புக்கு உசுரு போயிட்டு’ என்கிறார். அது ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் எனக்கு ஆராய்ச்சிப் படிப்பு பற்றிய எண்ணமே வந்தது. விசையியலில் போவதா, பொருள்பொறியியலில் போவதா? சாதாரணக் கல்லூரியில் படிப்பவளுக்கு ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் வாய்ப்பு உண்டா? கல்லூரியில் பனைநார்க் கலப்புப்பொருளை புராஜெக்டாக எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா? இன்னும் ஐந்தாறு வருடம் படிக்க வேண்டுமா, செலவுக்கு என்ன வழி என்று வீட்டில் கேட்கிறார்கள். வெளிநாடு போனால்தான் நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.”

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உலோகங்கள் ஏன் முறிகின்றன என்று ஆராய்வதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எனக்கு வரும் கடிதங்களில் பல, எந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறது என்ற கேள்வியோடு நின்றுவிடும். உங்கள் கடிதம் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, அது நான்கு முறை ஒரே இடத்தில் ஒடிந்ததைக் கணக்கு வைத்து, ஏன் என்று கேட்கிறது. ஆராய்ச்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்விதான் உங்களிடம் இருக்கும் பெரிய மூலதனம். ஆகவே ஷாஃப்டிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கான விடைகளும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இரும்புக்கு உயிர் போய்விட்டது என்று உங்கள் தந்தையார் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 180 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் தேர்ந்த பொறியாளர்களுக்கும் ஏறத்தாழ இதே எண்ணம்தான் இருந்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து, வண்டி தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாரோட்டமுள்ள தேனிரும்பு ஓடும்போது ஏற்படும் அதிர்வில் படிகமாக மாறி வலுவிழக்கிறது என்பதே அன்று பலரும் நம்பிய விளக்கம். மறு ஆண்டில், இருபத்து மூன்று வயதைத் தொட்டுக்கொண்டிருந்த வில்லியம் ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், ஒடிந்த ரயில் அச்சுகளை உற்றுப் பார்த்து வேறொன்றைச் சொன்னார். அச்சின் விட்டம் குறையும் மூலையில் நுண்ணிய விரிசல் ஒன்று பிறந்து, சுற்றிலும் சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்கிறது. நடுவில் மிஞ்சிய இரும்பு கடைசிவரை நல்ல இரும்பாகவே இருக்கிறது. அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாகக் கடைய வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த 1843ஆம் ஆண்டில்தான், நெல்லைச் சந்திப்பிலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போகும்போது நாம் கடக்கும் சுலோசன முதலியார் பாலமும் திறக்கப்பட்டது. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ராங்கின் நினைவு வரும். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதித்து, ஒரே இழுப்பில் உலோகத்தை அசைக்கக்கூட முடியாத சிறு சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒடித்துவிடும் என்று எண்களோடு காட்டினார். உலோகக் களைப்பு என்று இன்று நாம் படிக்கும் பாடம் அங்கிருந்து வளர்ந்தது.

உங்கள் ஆலை ஷாஃப்டுக்கு வருவோம். அது நிமிடத்துக்கு 700 சுற்று, நாளுக்கு 8 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 3,36,000 சுற்று. ஒரு மாதத்தில் ஒரு கோடி. பெல்ட் ஒரு பக்கமாக இழுப்பதால் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்தபடியே சுழல்கிறது. அதனால் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இழுபட்டு, ஒரு முறை அமுங்குகிறது. வழவழப்பாக மெருகேற்றிய எஃகுத் துண்டு, தன் இழுவலிமையில் பாதி அளவுத் தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பின் மேல் வரும் விசையை, கோடி முறை தாங்கக்கூடியது. ஆனால் ஷாஃப்டில் விட்டம் குறையும் படியில் மூலை கூர்மையாக இருந்தால் அவ்விடத்துத் தகைவு, கணக்கில் வரும் தகைவைப்போல் இரண்டரை, மூன்று மடங்குவரை ஏறிவிடும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆரத்துக்கு வளைவு கொடுத்தால் அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகத் தணியும். லேத்தில் கருவியின் முனையைத் தீட்டும் விதத்தில் முடிகிற காரியம் இது. ஆனால் அந்தப் படியில் பேரிங் அமர்வதாக இருந்தால், பேரிங்கின் உள்வளைய விளிம்பின் வளைவு ஷாஃப்டின் வளைவைவிடச் சிறியதாக இருந்து, பேரிங் படியின் தோளில் சரியாக உட்காராது. உள்விளிம்பைச் சரித்துக் கடைந்த ஒரு வளையத்தை இடையில் போட்டு அதைச் சரிசெய்யலாம்.

வெல்டிங் விஷயத்தில் உங்கள் தந்தையாரின் கைத்திறனில் குறையில்லை, எஃகின் இயல்பில்தான் சிக்கல். நம் பட்டறைகளில் ஷாஃப்டுக்குப் பெரும்பாலும் வாங்குவது இ.என்.8 கம்பி, அதில் கார்பன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு இருக்கும். அவ்வளவு கார்பன் உள்ள எஃகை முன்கூட்டிச் சூடாக்காமல் பற்றவைத்தால், பற்றுக்கு அடுத்துள்ள பகுதியின் சூட்டைக் குளிர்ந்த கம்பி மளமளவென்று உறிஞ்சிக்கொள்ள, அந்தப் பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான, நொறுங்கும் இயல்புள்ள அமைப்பாக மாறும். ஈரம் பட்ட வெல்டிங் ராடாக இருந்தால் ஹைட்ரஜனும் உள்ளே புகும். குளிரும்போது சுருங்குவதால் இழுவிசையும் உள்ளேயே தங்கிவிடும். இவை மூன்றும் சேர்ந்தால், ஷாஃப்ட் ஆலைக்குத் திரும்புவதற்கு முன்பே விரிசல் பிறந்திருக்க வாய்ப்பு உண்டு. களைப்பால் ஒடியும் ஷாஃப்டை மீண்டும் பற்றவைப்பதைவிட, படியில் நல்ல வளைவோடு புதிதாகக் கடைவதே சரி. பற்றவைத்தே தீர வேண்டும் என்றால் முன்சூடும் மெதுவாக ஆறவிடுவதும் இன்றியமையாதவை.

இவையெல்லாம் நான் கடிதத்தைப் படித்துச் செய்யும் ஊகங்கள்தான். சாட்சி ஒடிந்த முகத்தில் இருக்கிறது. களைப்பால் ஒடிந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், உவரிக் கடற்கரையில் அலை பின்வாங்கிய மணலில் தெரிவதுபோல் வளைகோடுகள் அடுக்கடுக்காகத் தெரியக்கூடும். அவை வளைந்து குவியும் இடம் விரிசல் பிறந்த இடம். கடைசியில் சட்டென்று அறுந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பான பகுதி சிறியதாக இருந்தால், ஷாஃப்டின் மேல் ஏறிய சுமை குறைவு, தவறு மூலையிலோ பற்றிலோதான் என்று பொருள். அது பெரியதாக இருந்தால் சுமையையே சந்தேகிக்க வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒடிந்த இரு துண்டுகளையும் ஒருபோதும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். ஆய்வு மாணவனாக இருந்த முதல் ஆண்டில் நான் அப்படிப் பொருத்தி, முகங்கள் உரசி, கோடுகள் அழிந்து, ஆறு மாதச் சோதனையின் ஒரே தடயத்தை இழந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

விசையியலா, பொருள்பொறியியலா என்ற கேள்விக்கு இந்த ஷாஃப்டே விடை சொல்கிறது. பெல்ட்டின் இழுப்பு எப்படி மூலையில் வந்து குவிகிறது என்பது விசையியல். அந்தக் குவிந்த தகைவுக்கு எஃகின் உள்ளமைப்பு எப்படி ஈடுகொடுக்கிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்பது பொருளியல்பு. முறிவைப் பற்றிய நல்ல ஆய்வு எதுவும் இவற்றில் ஒன்றோடு நின்றதில்லை. 1921இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித், கண்ணாடி இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடுவதைக் கண்டு, வலிமையைத் தீர்மானிப்பது அதிலுள்ள நுண்விரிசல்களே என்று நிறுவியபோது, அளந்தது பொருளை, எழுதியது விசையியல் சமன்பாட்டை. சென்னை ஐ.ஐ.டி.யில் பயன்பாட்டு விசையியல் துறையும் உலோகவியல், பொருள்பொறியியல் துறையும் தனித்தனியே இருக்கின்றன. ஆனாலும் களைப்பு, முறிவு பற்றி இரண்டிலும் ஆய்வு நடக்கும். உங்களுக்குக் கணக்குப் போடுவதில் மனம் ஒன்றுகிறதா, நுண்ணோக்கியில் பார்ப்பதில் ஒன்றுகிறதா என்பதை அடுத்த ஓராண்டில் நீங்களே கண்டுகொள்வீர்கள். எதில் சேர்ந்தாலும் மற்றதைக் கற்றே ஆக வேண்டும்.

ஆய்வுக்கான பொருள் எங்கோ தொலைவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. கிரையோஜெனிக் எஞ்சினுக்கு ஊட்டப்படும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் இருக்கும். அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடிபோல் உடையும். ஆஸ்டெனைட் அமைப்புள்ள துருப்பிடிக்காத எஃகும் அலுமினியக் கலவைகளும் உடையாமல் நிற்கக் காரணம் அவற்றின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. தெற்கே கூடங்குளத்தில் உள்ள ஒவ்வோர் உலையும் 1000 மெகாவாட் திறன் கொண்டது. அவற்றின் அழுத்தக்கலன் எஃகு ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் அடியைத் தாங்க வேண்டும். அடிபட அடிபட எஃகு நொறுங்கும் வெப்பநிலை மேலே ஏறிக்கொண்டே வருவதால், அதே எஃகில் செய்த சிறு மாதிரித் துண்டுகளைக் கலனுக்குள் வைத்து, குறித்த காலங்களில் வெளியே எடுத்துச் சம்மட்டிச் சோதனை செய்வது இவ்வகை உலைகளின் நடைமுறை.

கிழக்கே போனால் கடல். உப்புக் காற்றில் கட்டடக் கம்பி அரிப்பதை இடிந்தகரையிலும் உவரியிலும் எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அதே அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது நம் பக்கம் வந்தது. அதன் கடல்சார் ஆய்வு மையம் ஒன்று தூத்துக்குடியிலேயே இருக்கிறது. கல்லூரியிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். பழமையில் நாட்டமிருந்தால், ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்பும் வெண்கலமும் எப்படி உருக்கப்பட்டன, எப்படி அடித்து வடிக்கப்பட்டன என்று கேட்கும் தொல்லுலோகவியலும் பொருள்பொறியியலின் ஒரு கிளைதான்.

காற்றாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். களைப்பு என்ற பாடத்துக்கு அதைவிடப் பெரிய சோதனைக்கூடம் இல்லை, அது பணகுடி தொடங்கி ஆரல்வாய்மொழிவரை உங்கள் கண்முன் சுழன்றுகொண்டும் இருக்கிறது. பெரிய காற்றாலையின் இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து முறை சுழல்வதாகக் கொண்டால், காற்றில்லாத மாதங்களைக் கழித்தாலும் இருபது ஆண்டுகளில் பத்துக் கோடி சுற்றுகளை நெருங்கும். மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே வரும்போது மறுபக்கமுமாக, இறக்கை தன் எடையாலேயே ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து மீள்கிறது. ஆனிக் காற்றும் ஆடிக் காற்றும் அதன்மேல் ஒழுங்கில்லாமல் அடிக்கின்றன. கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த அந்த இறக்கை, எஃகைப்போல் ஒற்றை விரிசலில் ஒடிவதில்லை. பிசினில் சிறு பிளவுகள், இழைக்கும் பிசினுக்கும் இடையே பிரிவு, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உரிதல் என்று பல வழிகளில் நலிகிறது. முன்விளிம்பை மழையும் மணலும் அரித்து, காற்றைப் பிடிக்கும் திறனைக் குறைக்கின்றன. ஓய்வு பெற்ற இறக்கைகளை என்ன செய்வது என்பதற்கு உலகில் எங்கும் நிறைவான விடை கிடைக்கவில்லை. அந்தப் பிசினைத் திரும்ப உருக்க முடியாது. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாறில் இருக்கிறது. இறக்கை பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர்கள் வள்ளியூர்ப் பக்கமே இருப்பார்கள். அவர்கள் வெட்டி எறியும் ஒரு துண்டை வாங்கி வந்து வெட்டுமுகத்தைப் பாருங்கள், எத்தனையோ கேள்விகள் எழும்.

பனைநார் புராஜெக்ட் தவறானது அன்று. ஆனால் நம் பகுதிக் கல்லூரிகளில் அது நடக்கும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. நாரை ஊறவைத்து, பிசினில் கலந்து, இழுவை, வளைவு, மோதல் ஆகிய மூன்று எண்களை அளந்து, இத்தனை விழுக்காடு நார் சேர்த்தபோது வலிமை அதிகம் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எண் ஏன் அப்படி வந்தது என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. அதே பனைநாரை எடுத்து, ஒரே ஓலைமட்டையின் அடியிலும் நுனியிலும் எடுத்த நார்களின் வலிமை எவ்வளவு சிதறுகிறது என்று ஐம்பது, நூறு நார்களைத் தனித்தனியே இழுத்துப் பார்த்து, நீளம் கூடக் கூட வலிமை குறைகிறதா என்று வலிமையின் சிதறலை அளக்கும் வைபுல் புள்ளியியலால் ஆராய்ந்தால், அது ஆய்வு. பத்தமடையில் பாய் முடைபவர்கள் கோரையை ஆற்றுநீரில் எத்தனை நாள் ஊறவைப்பது என்பதில் அவ்வளவு கவனமாக இருக்கிறார்களே, அந்த நாள்களில் கோரைத்தண்டுக்குள் என்ன கரைகிறது, இழை எப்போது வளையத் தொடங்குகிறது, எப்போது நலியத் தொடங்குகிறது என்று கேட்பதும் ஆய்வுதான். உங்கள் ஆசிரியர் நார்தான் என்றால் இந்த வகையில் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஷாஃப்டை எடுங்கள் என்பேன். கல்லூரி உலோகவியல் ஆய்வகத்தில் உள்ள கடினத்தன்மைச் சோதனைக் கருவி, மெருகேற்றும் சக்கரம், நுண்ணோக்கி, மஃபில் அடுப்பு, எஃகின் உள்ளமைப்பை வெளிக்காட்டும் சிறிது நைட்டால் அமிலக் கரைசல் ஆகியவையே அதற்குப் போதும். தகைவுக் கணக்குக்குக் கால்குலிக்ஸ் போன்ற இலவச மென்பொருளே கைகொடுக்கும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது, கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம்.

எந்தக் காரணத்துக்காகவும் புராஜெக்ட் செய்து கொடுக்கும் கடைகளின் படியேறாதீர்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிட்டுத் தரும் இதழ்களின் பக்கமும் போகாதீர்கள். நேர்காணலில் நாங்கள் விண்ணப்பத்திலுள்ள ஏதாவது ஒரு வரியைத் தொட்டு நான்கு கேள்வி கேட்போம். தானே செய்யாத வேலை இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அந்த நிமிடத்தில் எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எங்களுக்கும் துன்பம்தான்.

சாதாரணக் கல்லூரி என்று நீங்கள் தயங்குவதற்குத் தனியே விடை சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. போன்ற இடங்கள் சேர்க்கைக்கு முதன்மையாகப் பார்ப்பது, பொறியியல் முதுநிலைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் மதிப்பெண்ணையும் நேர்காணலையும்தான், கல்லூரியின் பெயர் மிகச் சிறிய இடமே பெறும். மூன்றாம் ஆண்டிலிருந்தே கேட் எழுதலாம். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இயந்திரவியல் தாளைத் தவிர, எக்ஸ்.இ. என்ற பொறியியல் அறிவியல் தாள் ஒன்று உண்டு. அதில் கணிதம் கட்டாயம். மற்ற பிரிவுகளில் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம். திடப்பொருள் விசையியலும் பொருளறிவியலும் அந்தப் பட்டியலில் இருப்பதால் உங்கள் மனப்போக்குக்குப் பொருத்தமான தாள் அதுவே. ஆனால் எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பட்டம் முடித்ததும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சி எம்.எஸ்., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சி எம்.டெக். ஆகிய இரண்டையும் முதலில் நோக்குங்கள். வகுப்பறையைவிட ஆய்வகத்துக்கு முதலிடம் தரும் படிப்புகள் அவை. வேலை நன்றாக நடந்தால் அங்கேயே பி.எச்டி.க்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. நேர்காணலில் கடினமானவற்றைக் கேட்க மாட்டார்கள். தனித்த பொருளின் விசைப்படம், உத்தரத்தின் வளைவு, மோர் வட்டம், இழுவைச் சோதனைக் கோடு, இரும்பு–கார்பன் வரைபடம் ஆகியவற்றைத்தான் ஆழமாகக் கேட்பார்கள். இவற்றை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடங்களில் இலவசமாகக் கேட்டுத் தெளியலாம். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள தேசிய இடைத்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் ஆகியவையும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். கடைசி இரண்டும் நம் ஊரிலிருந்து சில மணி நேர ரயில் பயணம்தான்.

அதற்கு முன்பாக, இந்தக் கோடை விடுமுறையை வீணாக்காதீர்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் வாங்குவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கென ஒரு கோடைத் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வகத்தில் இருந்து பார்த்தால், இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது எந்த ஆலோசனையும் இல்லாமல் தெரிந்துவிடும். பேராசிரியருக்குக் கடிதம் எழுதும்போது ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். ஒருவருடைய இரண்டு கட்டுரைகளைப் படித்து, புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டு, ஒடிந்த ஷாஃப்டின் படத்தையும் இணைத்து, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்தால் அன்றே விடை எழுதுவேன்.

வீட்டில் கேட்கும் கேள்வி நியாயமானது, அதற்கு எண்களால் விடை சொல்கிறேன். கேட் வழியாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அது இறுக்கம்தான், ஆனால் வீட்டிலிருந்து பெருந்தொகை வேண்டியிராது. பி.எச்டி. நிலையில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலையில் 42,000 ரூபாய். சில இடங்களில் வீட்டு வாடகைப் படியும் சேரும். ஆகவே அந்த ஐந்தாறு ஆண்டுகளையும் வருமானமில்லாத படிப்புக்காலமாக உங்கள் தந்தையார் எண்ண வேண்டியதில்லை. பெண்பிள்ளை என்பதால் இந்தக் கேள்வி கூடுதல் அழுத்தத்தோடு வருகிறது என்பதை அறிவேன். என்னிடம் ஆய்வு செய்த மாணவிகளில் இருவர் படிப்புக்காலத்திலேயே திருமணமாகி, குழந்தை பெற்று, மகப்பேறு விடுப்புக்குப் பின் திரும்பி வந்து பட்டம் முடித்தார்கள். அது எளிதாக இருக்கவில்லை. குடும்பமும் வழிகாட்டியும் ஒத்துழைத்ததால் முடிந்தது. எனவே வழிகாட்டியைத் தேர்ந்துகொள்ளும்போது, அவரிடம் இப்போது படிப்பவர்களோடு, குறிப்பாக மாணவிகளோடு, தனியே பேசிப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பி.இ. முடித்தே நேராக பி.எச்டி.யில் சேரலாம், உதவிப்பணி கிடைத்தால் கட்டணமும் இராது. ஜெர்மனியில் முதுநிலை முடித்த பின் பி.எச்டி. பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய பணியாகவே அமையும். கடன் வாங்கி முதுநிலைக்குப் போவதை மட்டும் உங்கள் குடும்ப நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே ஆராய்ச்சி எம்.எஸ். முடித்து, நல்ல கட்டுரை ஒன்றோடு போனால், அங்குள்ள பேராசிரியர்களே செலவை ஏற்று அழைப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஷாஃப்ட் ஐந்தாம் முறை ஒடிந்து வந்தால், பற்றவைப்பதற்கு முன் முகங்களை அரம் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம் என்று தந்தையாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இரு துண்டுகளையும் முகத்திலிருந்து நான்கு விரற்கடை நீளம் விட்டு, சூடேறாமல் ரம்பத்தால் அறுத்து, அசிட்டோனில் மென்மையான தூரிகையால் கழுவி, உலர்த்தி, மெல்ல எண்ணெய் தடவி, தனித்தனி உறையில் வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். படத்தோடு படியின் இரு விட்டங்கள், மூலையின் ஆரம், மோட்டாரின் குதிரைத்திறன், புல்லியின் விட்டம், பெல்ட் எந்தப் பக்கம் இழுக்கிறது, கடைசியாகப் பற்றவைத்த நாளிலிருந்து எத்தனை நாள் ஓடியது ஆகிய விவரங்களையும் எனக்கு எழுதுங்கள். ஓடிய நாள்களின் கணக்கு ஆலைக்காரரின் கரண்ட் பில்லிலிருந்தே கிடைத்துவிடும்.